நெடுநாள் கிடந்த மின்சாரச் சக்கரத்தை மீண்டும் ஓட்டுதல்

மனிதன் கண்ட யந்திரங்களுள் குயவர் சக்கரம் மிகப் பழையனவற்றுள் ஒன்றாகும். கோலால் சுழற்றப்பெறும் சக்கரத்திற்கு நேரும் பழுதுகள் பெரும்பாலும் இரண்டே: அது நின்று சுழலும் முளை தேய்ந்துபோதல் ஒன்று, விளிம்பின் பாரம் ஒரு பக்கமாகச் சாய்தல் மற்றொன்று. இரண்டும் கண்ணுக்குப் புலப்படுவன. குயவரே தம் கையால் திருத்திக்கொள்ளக் கூடியன. மின்சாரத்தால் ஓடும் சக்கரமோ அத்தன்மையதன்று. அதன் உறுப்புகள் பெட்டிக்குள் மறைந்திருக்கின்றன. ஓடாமல் நின்றுவிட்டால் காரணம் இன்னதென்று வெளியிலிருந்து விளங்குவதில்லை. ஆதலின், சில திங்களோ சில ஆண்டுகளோ மூலையிற் கிடந்த மின்சாரச் சக்கரத்தைச் சோதிக்கும் முறையைப் பௌதிகமும் கைத்தொழிலும் பயிலும் மாணவருக்கு ஒரு பாடமாக எடுத்துரைப்பது பயனுடைத்தாகும்.

இஃது இக்காலத்துக்கு வேண்டிய பாடமுமாகும். கதர் கிராமக் கைத்தொழில் ஆணையம் 2018-ஆம் ஆண்டில் குயவருக்கென ஓர் இயக்கம் தொடங்கி, பயிற்சியோடு மின்சாரச் சக்கரங்களையும் வழங்கி வந்தது. நம் நாட்டில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது வனைந்த பாண்டம் உலர்வதுமில்லை, சூளை மூட்ட முடிவதுமில்லை. சக்கரம் தானே ஓய்ந்துவிடுகின்றது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் கல்விச்சாலைகள் மூடப்பட்டபோது கைத்தொழிற் கூடங்களிலிருந்த சக்கரங்களும் நெடுங்காலம் போர்வைக்குள் கிடந்தன. இங்ஙனம் கிடந்த சக்கரத்தை வெளியே எடுத்து, ஸ்விட்சைப் போட்டு, அது சுழலாதது கண்டவுடன், "மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எங்கும் காணப்படும் வழக்கம். நல்ல மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றக் கூலி கொடுப்பவரும், அதுவும் இயலாமற் பழைய இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிடுபவரும் உண்டு. ஒரு குயவர் குடும்பத்துக்கு அந்த யந்திரமே முதல் என்பதை நினைத்தால், தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும் என்பது விளங்கும்.

ஓடும் யந்திரம் தேய்கின்றது. கிடக்கும் யந்திரம் வேறொரு வகையிற் கெடுகின்றது. இவ்விரு கேடுகளையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் உயிர்நிலை. ஓட்டத்தினாற் கெடுபவை பேரிங்கின் குண்டுகள், கார்பன் பிரஷ், பெல்ட்டின் பற்கள் முதலியன. கிடப்பினாற் கெடுபவையோ பெரும்பாலும் மேற்பரப்பைச் சார்ந்தவை. பித்தளைத் தொடர்புகளின்மேல் களிம்பு படிகின்றது. கிரீஸிலுள்ள எண்ணெய் கசிந்து பிரிய, எஞ்சியது மெழுகுபோல் இறுகுகின்றது. ஈரக் களிமண்ணின் நுண்தூள் காற்றிலுள்ள நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. எலி கம்பியின் உறையைக் கடிக்கின்றது. எறும்பும் பல்லியும் போர்டினுள் புகுகின்றன. மோட்டாரின் சுருளோ இவற்றில் எதனாலும் எளிதிற் சாவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்தப்பட்ட சக்கரம் கிடப்புக்குப் பின் ஓடவில்லையெனின், குற்றம் சுருளில் இருப்பதினும் வெளித்தொடர்புகளில் இருப்பதற்கே இடம் மிகுதி. ஆனால் இறுகிக் கிடக்கும் சக்கரத்துக்கு முழு மின்சாரத்தையும் செலுத்தி, "ஓடினாலும் ஓடும்" என்று காத்திருப்போமாயின், அதுகாறும் நன்றாயிருந்த சுருள் சில நிமிஷங்களில் உண்மையாகவே எரிந்துபோகும். சோதிக்கும் அவசரமே பழுதை உண்டாக்குவது இவ்வகையில்தான்.

அவசரத்தில் வேறோர் அபாயமும் உண்டு. அஃது யந்திரத்துக்கன்று, உயிருக்கு. உலர்ந்த கையின் தோல் மின்சாரத்துக்குப் பல்லாயிரம் ஓம் தடை தரும். 50,000 ஓம் என்று கொண்டால், நம் வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட் செலுத்தக்கூடியது ஏறக்குறைய 4.6 மில்லியாம்பியர், திடுக்கிடச் செய்யும் அளவே. நனைந்த கையில் அத்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது ஓடுவது 230 மில்லியாம்பியர்; இதயத்தை நிறுத்தப் போதியது. தச்சர் ரம்பமோ தையல் யந்திரமோ உலர்ந்த கையால் இயக்கப்படுவன. மின்சார யந்திரங்களுள், நீர் சொட்டும் இரு கைகளையும் உலோகத் தட்டின்மேல் வைத்து அழுத்தியே வேலை செய்யவேண்டியதாயிருப்பது இது. ஆகவே இச்சக்கரத்துக்கு எர்த் கம்பி அலங்காரமன்று. எர்த் சரியாக உள்ளதென்று உறுதிப்படுமுன் வேறு எதையும் சோதிக்கத் தொடங்கலாகாது என்பதே எம் கருத்து.

இனி வேலையைத் தொடங்குவோம். பிளக்கைச் சுவரினின்றும் பிடுங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி சக்கரத்தின்மேலேயே வைத்துவிடுக. பின்பு யந்திரத்தின் பெயர்த்தகட்டைத் துடைத்து வாசிக்க வேண்டும். இதனைப் பலர் செய்வதில்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சக்கரமாயின் அது 120 வோல்ட்டுக்கும் 60 சைக்கிளுக்கும் செய்யப்பட்டதாக இருக்கலாம். அதை நம் 230 வோல்ட்டிற் செருகினால், கிடப்பு செய்யாத கேட்டை ஒரு கணத்திற் செய்துவிடுவோம்.

அடுத்தது சுத்தம். காய்ந்த களிமண் தூளில் மிக நுண்ணிய சிலிக்கா கலந்திருக்கும். அது நெடுநாள் சுவாசிப்பவரின் நுரையீரலைக் கெடுக்க வல்லது. ஆகையால் துடைப்பத்தாற் பெருக்கவோ காற்றுப் பம்பினால் ஊதவோ கூடாது. பிழிந்த ஈரத்துணியால் ஒற்றியெடுப்பதே முறை. காற்றுப்போக்கியின் துளைகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். குளவி அங்கே மண்கூடு கட்டியிருப்பதுண்டு. சக்கரமும் சூளையுமின்றி வனையத் தெரிந்த அச்சிறு குயவன் நம் சக்கரத்தின் மூச்சை அடைத்துவிடுவது ஒரு வேடிக்கையே. ஆயினும் கூட்டை அகற்றாவிடில் மோட்டார் வெப்பம் தணியாமல் வெந்துபோம்.

சுத்தம் செய்தபின் சக்கரத் தலையைக் கையாற் சுழற்றிப் பார்க்கலாம். இலேசாகச் சுழன்றால் நன்று. சுழலாவிடில் இறுகியது எது? சக்கரத்தின் பேரிங்கா, மோட்டாரின் பேரிங்கா? இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் விடை கிடையாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டால் யந்திரம் இரண்டு பாதியாகின்றது. ஒவ்வொரு பாதியையும் தனியே சுழற்றிப் பார்க்கக் குற்றம் எப்பாதியிலென்று உடனே தெரிந்துவிடும். பழுதுள்ள எந்த யந்திரத்தையும் நடுவிற் பிரித்து, குற்றமற்ற பாதியை விலக்கி, எஞ்சியதை மீண்டும் பிரித்துப்போவதே அறிவுடையார் முறை. கணிதத்தில் ஆயிரம் எண்களுள் மறைந்த ஒன்றைப் பத்துக் கேள்விகளிற் கண்டுபிடிக்கும் வித்தையும் இதுவே.

சக்கரத்தின் பாதி இறுகியிருந்தால் தண்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கிரீஸ் மட்டும் இறுகியிருப்பின், சுற்றச் சுற்ற இலகும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதியது இடலாம். சுழலும்போது கரகரவென்று மணல் அரைவதுபோன்ற ஒலி கேட்குமாயின், குண்டுகள் நின்ற இடங்களிலெல்லாம் துரு குழி பறித்துவிட்டது என்று அறிக. அந்தப் பேரிங்கை மாற்றுவதே வழி. அதன் எண் வளையத்தின்மேல் பொறித்திருக்கும், மோட்டார் உதிரிக் கடைகளில் அதே எண்ணுக்குக் கிடைக்கும், விலையும் பெரிதன்று. அலுமினியச் சக்கரத் தலை எஃகுத் தண்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலை எடுக்கலாகாது. ஈரம் பட்ட இவ்விரு உலோகங்களும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு, அதன் உப்பு இடுக்கில் ஆப்புப்போல் இறுகி நிற்கின்றது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரவு விட்டு, மறுநாள் புல்லர் கொண்டு இழுக்க வேண்டும். மேலிருந்து அடிக்கும் ஒவ்வோர் அடியும் பேரிங்கின் குண்டுகளில் பதியும் என்பதை மறவற்க.

இப்போது மின்சாரப் பகுதிக்கு வருவோம். பிளக் வெளியே இருக்கும்போதே, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் பருத்த எர்த் முளையிலும், மற்றொன்றைச் சக்கரத்தின் வண்ணம் பூசாத இரும்பிலும் வைத்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டுதல் வேண்டும். காட்டாவிடில் எர்த் கம்பி அறுந்துள்ளது. அல்லது அது சட்டத்தோடு சேரும் திருகின்கீழ்த் துரு ஏறியுள்ளது. திருகைக் கழற்றி, உப்புத்தாளாற் பளபளக்கத் தேய்த்து மீண்டும் முடுக்குக. அதன்பின் போர்டிலிருந்து மோட்டாரின் கம்பிகளைப் பிரித்துவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையேயுள்ள தடையை அளக்க வேண்டும். பிரிக்காமல் அளந்தால் அந்த 500 வோல்ட் போர்டிலுள்ள நுண்ணிய உறுப்புகளைக் கொன்றுவிடும். தடை ஒரு மெகோமுக்குக் குறைந்திருந்தால் சுருள் ஈரம் குடித்திருக்கின்றது என்பது பொருள். இதுவே பலரால் "காயில் போய்விட்டது" என்று முடிவு கட்டப்படும் இடம். சுருள் போகவில்லை, நனைந்திருக்கின்றது. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்தோ, மூடிய பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு அந்தச் சூட்டில் உலர்த்தியோ மீண்டும் அளந்தால், தடை நாளுக்கு நாள் ஏறிவருவதைக் காணலாம்.

அடுத்து வரும் சோதனைகள் மோட்டாரின் ஜாதியைப் பொறுத்தவை. சில சக்கரங்களில் மின்விசிறியிலும் நீர்ப்பம்பிலும் உள்ளதுபோன்ற ஏ.சி. இண்டக்ஷன் மோட்டார் இருக்கும். அதனருகே ஒரு கண்டென்சர் காணப்படும். ஒற்றைக் கட்ட மின்சாரம் தனியே நின்று சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்காது. முன்னும் பின்னும் துடிக்கும் புலத்தையே உண்டாக்கும். இரண்டாவது சுருளின் ஓட்டத்தைச் சற்று முன்கொணர்ந்து அந்தத் துடிப்பைச் சுழற்சியாக்குவது கண்டென்சரின் வேலை. அது வலியிழந்தால் மோட்டார் "ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும், சுழலாது. முனகும் மோட்டாரைக் கையாலோ குச்சியாலோ தள்ளிவிட்டு ஓட வைப்பார் உளர். யாம் அதைச் சொல்லித்தரோம். உடனே ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரின் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் கம்பிகளால் இணைத்து, அதிலுள்ள மின்சாரத்தை முதலில் வடித்துவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அது அடிக்க வல்லது. பின்பு அதன் அளவை மீட்டரிற் பார்த்து, மேலே அச்சிட்ட எண்ணினின்றும் நூற்றுக்குப் பத்துக்கு மேற் குறைந்திருந்தால் மாற்றிவிடுக. மோட்டார் முழுவதும் போயிற்று என்று எண்ணி வருந்தியவர், கண்டென்சர் ஒன்றை மாற்றியவுடன் அது எழுந்து ஓடக் காண்பர்.

வேறு பல சக்கரங்களில், முக்கியமாகக் காற்பெடலால் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவற்றில், நிலைக்காந்தமுள்ள டி.சி. மோட்டார் இருக்கும். இதன் கிடப்புநோய் கார்பன் பிரஷ்ஷில் உள்ளது. பிரஷ் தன் கூட்டுக்குள் வழுக்கி இறங்கிக் கம்யூட்டேட்டரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். களிமண் தூளும் ஈரமும் சேர்ந்து அதைக் கூட்டோடு ஒட்டவைத்துவிடும். மோட்டாரின் இரு கம்பிகளுக்கிடையே மீட்டர் வைத்தால் சில ஓம்களோ, சிறிய மோட்டாராயின் சில பத்து ஓம்களோ காட்டவேண்டும். முற்றும் அறுந்ததாகக் காட்டினால் பெரும்பாலும் பிரஷ் தொங்கி நிற்கின்றது என்க. மூடியைத் திருகிப் பிரஷ்ஷை வெளியே எடுக்குமுன் அது எத்திசை நோக்கியிருந்தது என்று குறித்துக்கொள்ளுதல் அவசியம். அதன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்திருப்பதால் திருப்பிப் போட்டால் நன்கு பொருந்தாது. கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் துடைக்கலாம். எமரித் தாள் கூடாது. அதன் துகள்கள் செம்புத் துண்டங்களின் இடுக்கிற் சிக்கி மின்சாரத்துக்குக் குறுக்குவழி அமைத்துவிடும்.

டி.சி. மோட்டாரோடு ஒரு கட்டுப்பாட்டுப் போர்டும் வருகின்றது. அதில் மிக்க எச்சரிக்கைக்குரியவை எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். அவற்றின் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்று காப்பாக இருக்கின்றது. வருஷக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தால் அப்படலம் சிறிது சிறிதாய்க் கரைந்து நலியும். பிறகு திடீரென முழு வோல்ட்டேஜையும் கொடுத்தால் மின்சாரம் உள்ளே கசிந்து சூடேறிக் கண்டென்சர் வெடித்துத் திறக்கலாம். தலை உப்பியிருப்பதை மாற்றிவிடுவதே நலம். உப்பாதது சிறிது சிறிதாக வோல்ட்டேஜ் ஏற்றப்பட்டால் தன் படலத்தைத் தானே மீண்டும் கட்டிக்கொள்ளும். போர்டில் சிறு திருகுகள் சில காணப்படும்; குறைந்த வேகம், மிகுந்த வேகம், பாரம் ஏறும்போது கொடுக்கும் ஈடு முதலியன அவற்றால் அமைக்கப்பட்டவை. கிடப்பினால் அவை திரும்பிவிடுவதில்லை. ஆகவே அவற்றைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்க. மாறாக, செருகித் தொடுத்த ஒவ்வொரு கம்பியையும் இழுத்து மறுபடி செருகுவது மிக்க பயன் தரும். களிம்பு அதனாலேயே உராய்ந்து விலகிவிடும்.

பெடலுக்குள் ஒரு மாறுதடை இருக்கின்றது. அதன் மூன்று முனைகளுள் நடுமுனைதான் வேகத்தைச் சொல்லும் வாய். பெடலை மெல்ல அழுத்தும்போது நடுமுனைக்கும் ஓர முனைக்கும் இடையேயுள்ள தடை இடையறாது ஏறவோ இறங்கவோ வேண்டும்; திடுமெனத் தாவினால் உள்ளே அழுக்கு உள்ளது. தொடர்பு துடைக்கும் தைலத்தைத் தெளித்து ஐம்பது முறை அசைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் பெடலைத் தொடாதபோதே சக்கரம் முழு வேகத்தில் ஓடுமாயின் அது வேறு நோய். மாறுதடையின் பூஜ்யப் பக்கத்துக் கம்பி அறுந்தால், நடுமுனை மேற்பக்கத்து வோல்ட்டேஜையே காட்டும். போர்டு அதை "முழு வேகம்" என்று பொருள் கொள்ளும். எலி கடித்த பெடல் கம்பியில் இது நேரக்கூடும். அக்கம்பி நன்றாயிருந்தும் சக்கரம் ஓடினால், போர்டின் தைரிஸ்டர் குறுக்கே உருகிவிட்டது எனலாம். அது தேர்ந்த மின்வினைஞர் கைக்குரியது.

இத்தனையும் முடிந்தபின்னரே மின்சாரம். முதன்முறை ஓட்டும்போது பெல்ட் கழற்றப்பட்டே இருக்கட்டும். சக்கரத்தின்மேல் கருவியோ தட்டோ ஒன்றும் வேண்டாம். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அறுந்துவிடும் ஆர்.சி.சி.பி. உள்ள சுவர்ப்பெட்டியிற் செருகுக. டி.சி. சக்கரமாயின் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்துக்கொள்வது பழைய மின்வினைஞரின் நல்ல உபாயம்: பெடல் பூஜ்யத்தில் இருக்கும்போதே பல்பு முழு ஒளியோடு நின்று எரிந்தால் உள்ளே குறுக்குத்தொடர்பு உண்டு, எரியாமலோ ஒருகணம் மின்னி மங்கியோ நின்றால் மேலே செல்லலாம். பியூஸ் அறுந்தால் அதே அளவுள்ள பியூஸைத் தவிர வேறு எதையும் போடலாகாது. பருத்த செம்புக் கம்பியைச் சுற்றி அனுப்பிவிடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது! ஆர்.சி.சி.பி. உடனே அறுந்தால் ஈரம் இன்னும் போகவில்லை, மறுபடி உலர்த்துக.

மோட்டார் தனியே ஒழுங்காக ஓடியபின், மின்சாரத்தை நீக்கிப் பெல்ட்டை ஏற்றலாம். நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடும் மோட்டாரைக்கொண்டு சக்கரத்தை 240 சுற்றுக்கு இறக்க, பெரிய புல்லி சிறியதைப்போல் ஆறு மடங்கு விட்டமுடையதாயிருக்கும். சிறிய புல்லியைத் தழுவி அத்தனை காலம் அசையாது கிடந்த பெல்ட் அவ்வளைவையே தன் உருவமாக்கிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் தட் தட் என்று ஒலி எழும். பாண்டத்தின் சுவரிலும் அத்துடிப்பு தெரியும். கால்மணி அரைமணி ஓடிச் சூடேறியபின் தணிந்தால் பெல்ட் பிழைத்தது. வெடிப்புகள் இருந்தாலோ, ஒலி தணியாவிட்டாலோ மாற்றவேண்டும். வழுக்குகின்றதென்று அளவுக்குமேல் இழுத்துக் கட்டுவது பேரிங்கைத் தின்றுவிடும். அதனினும் பெல்ட்டின்மேல் பட்டிருக்கும் எண்ணெயைத் துடைப்பது மேல்.

பிரித்துச் சேர்த்தபின் சக்கரம் எதிர்த்திசையிற் சுழலக் கண்டால் அஞ்ச வேண்டா. டி.சி. மோட்டாரின் இரு கம்பிகள் இடம் மாறிவிட்டன, அவ்வளவே. மேனாட்டார் இடஞ்சுழியாகவும் ஜப்பானியர் பெரும்பாலும் வலஞ்சுழியாகவும் வனைகின்றனர். தமக்குப் பழகிய திசையில் அமைத்துக்கொள்ளலாம். கடைசிச் சோதனை மண்ணே. ஐந்து கிலோ மண்ணை நடுவில் வைத்து இரு கைகளாலும் அழுத்தி மையப்படுத்தும்போது வேகம் சிறிது தாழ்ந்து மீண்டால் யந்திரம் தேறிவிட்டது. நின்றுவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது மோட்டாரையன்று, அறையின் மறு கோடியிலிருந்து இழுத்துவந்த மெல்லிய நீட்டுக்கம்பியை. அதில் வோல்ட்டேஜ் விரயமாகி, சக்கரத்துக்கு வந்து சேர்வது குறைந்திருக்கும்.

அடுத்த மழைக்கு முன் சக்கரத்தை நிறுத்திவைப்பவர், தட்டுகளைக் கழுவி உலர்த்தி, பெல்ட்டைத் தளர்த்தி, சக்கரத் தலையைக் கழற்றித் தண்டின் நுனியில் மெல்லக் கிரீஸ் தடவி, தரையினின்றும் ஒரு பலகைமேல் உயர்த்தி வைக்கட்டும். மேலே போர்த்துவதற்கு மூச்சு விடும் பருத்தித் துணியே தக்கது. பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். மாதம் ஒருமுறை சக்கரத் தண்டைக் கையாற் சில சுற்றுச் சுழற்றி, பெல்ட்டை மாட்டி மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு, மறுபடி பெல்ட்டைத் தளர்த்தி வைக்க வேண்டும்.